முன்னே பாதி, பின்னே பாதி

மடுவுப்புதூரில் மாரியம்மன் பொங்கல் முடிந்த மறுநாள் காலையிலிருந்து, எந்தச் சத்தமும் தான் உண்டாவதற்குக் கொஞ்சம் முன்பே கேட்க ஆரம்பித்தது. சம்பூரணத்தின் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய் அணைக்கப் பார்த்தால் குண்டு அசையவே இல்லை. இடுப்பில் கை வைத்து அவள் அதை முறைத்துக்கொண்டு நிற்கையில்தான் குக்கர் உண்மையாகவே விசில் அடித்தது. அடித்து ஓய்ந்த பிறகு இன்னொரு விசில், முதலாவதைப் போலவே மெலிந்தது, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டதைப் போன்றது, வந்து அடங்கியது. பால்காரர் நல்லியப்பனின் மொபெட் வருவதற்கு முன்னும் கேட்டது, வந்தபோதும் கேட்டது, போன பின்னும் கேட்டது. நாய்கள் தங்கள் குரைப்பைத் தாங்களே முதலில் கேட்டுவிட்டு, இனி குரைக்கத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்து, பிறகு குரைத்தன.

ஊர் இதற்காகக் கூட்டம் எதுவும் போடவில்லை. விசைத்தறி ஊர் அது. வீட்டுக்கு வீடு தறி, தெருவுக்குத் தெரு பட்டறை, பிறந்த குழந்தையின் முதல் அழுகையே தறிச் சத்தத்தின் மேல் ஏறி நின்றுதான் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் சத்தம் ஒன்று முன்னே வந்தால் என்ன, பின்னே வந்தால் என்ன? "அர்த்தநாரியண்ணன் புதுசா டப்பா வாங்கியாந்திருக்குதில்ல, அதோட வேலையாட்ட இருக்குது" என்றாள் சம்பூரணம். அதுவே காரணமாக எல்லோருக்கும் போதுமாயிருந்தது. அது சரியான காரணமாகவும் இருந்தது.

அர்த்தநாரி மைக் செட்காரர். காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் எழவுக்கும் அவர்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். அதுவரை செல்போனில் பாட்டை வைத்து ஆம்ப்ளிபயரில் செருகிக்கொண்டிருந்தவர், பாதிப் பாட்டில் யாராவது போன் பண்ணி, மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் மணியடித்துவிடுகிறதே என்று நொந்துபோய், ஈரோட்டில் ஒரு கடையில் பாட்டுக்கென்றே செய்த சின்ன டப்பா ஒன்றை வாங்கிவந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, வெல்லக்கட்டியைவிடக் கொஞ்சம் கனம். அதன் திரையில் அவருக்குப் புரியாத ஒரு பக்கம் இருந்தது. அதில் வடிகட்டி என்று போட்டு, கீழே சில பெயர்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. அவர் சொல்லிக்கொடுத்ததை அர்த்தநாரி வீட்டுக்கு வந்து தன் மனைவி பாவாயிக்கு அப்படியே சொன்னார். சொன்னார் என்றால், வாயசைத்தார். பாவாயிக்குக் காது போய் வெகுகாலம் ஆகியிருந்தது. சிறுவயதிலிருந்து தறியருகே நின்ற காது. பட்டறையில் வேலை செய்யும் எல்லோரையும் போல அவளும் உதட்டைப் படிப்பாள், தெருவின் அந்தக் கோடியில் யார் யாரைத் திட்டினாலும் இந்தக் கோடியிலிருந்தே படிப்பாள். காது போன புதிதில் தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று தெரியாமல் ஒருநாள் ரேஷன் கடையில் கத்திப் பேசி, வரிசையே சிரித்ததிலிருந்து அவள் குரலையும் விட்டுவிட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் அன்றிலிருந்து சத்தமே இல்லாமல்தான் பேசிக்கொண்டார்கள், சத்தமே இல்லாமல்தான் சண்டை போட்டார்கள். குழாயில் பாட்டு ஓடும்போது அர்த்தநாரி அவள் எதிரே நின்று வரிவரியாக வாயசைத்துக் காட்டுவார். பிள்ளையில்லாத வீடு. இருவருக்கும் அது போதுமாயிருந்தது.

"இதுக்குள்ள பாட்டு பாட்டா இல்ல பாவாயி. புள்ளி புள்ளியா இருக்குது. புள்ளிய வரிசையாச் சேத்துக் கோடாக்குனாத்தான் பாட்டு. அப்படிக் கோடு போடறப்ப, நமக்குக் கேக்காத ஒசரத்துல அதோட நெழலும் ஒண்ணு சேந்து உளுந்துருது. அந்த நெழல வெட்டியெறியறதுக்குத்தான் வடிகட்டி."

"வெட்டிப்போட வேண்டீதுதானுங்."

"எப்படி வெட்டறதுங்கறதுலதான் இருக்குது. கூர்மையா வெட்டுனா பாட்டுல ஒரு துளி கொறையாது. ஆனா வெட்டுன அதிர்வு பாதி சத்தத்துக்கு முன்னால கேக்கும், பாதி பின்னால கேக்கும். மெதுவா, சரிவா வெட்டுனா அதிர்வு கம்மி. ஆனா பாட்டோட நுனி மழுங்கிப் போயிரும். இன்னொண்ணு இருக்குது, அதுல முன்னால ஒண்ணுமே கேக்காது. முன்னால விழ வேண்டியதும் சேந்து பின்னாலயே விழும். மொத்தம் கொறையாது பாவாயி, எடம்தான் மாறும்."

"அதெல்லாம் எத்தன நேரமுங் கேக்கும்?"

"கண்ணு சிமிட்டறதுல ஆயிரத்துல ஒரு பங்கு. மனுசக் காதுக்கே தெரியாதாம்."

அவர் கூர்மையானதையே வைத்தார். மடுவுப்புதூர்க்காரர் வேறெதையும் வைத்திருக்க மாட்டார். தறியிலிருந்து துணியை அறுக்கும்போது விளிம்பு பிசிறில்லாமல் விழ வேண்டும் என்பதுதான் அந்த ஊரில் குழந்தைக்குக் கற்றுத்தரும் முதல் மானம். மழுங்கின கத்திக்காரன் என்பது அங்கே கெட்ட வார்த்தை. அப்படி வைத்த டப்பாவைக் கோயில் குழாயில் செருகிப் பொங்கல் முழுக்கப் பாட்டுப் போட்டார். டப்பாவுக்குள் கண்ணிமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்காய் இருந்த அதிர்வு, ஊருக்குள் வந்ததும் ஊரின் அளவுக்கு நீண்டுகொண்டது.

ஊர் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த விதம்தான் சொல்ல வேண்டியது. பட்டறைப் பெண்கள்தான் முதலில் பிடித்தார்கள். பாவு நூல் அறும் சத்தம் ஒரு மூச்சு நேரம் முன்னால் வரும். வந்ததும் தறியை நிறுத்துவார்கள். நிறுத்திய தறியில் நூல் அறும். அறும் நூல் அறுந்தே தீரும், அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. ஆனால் தறி நின்றிருப்பதால் துணியில் பழுது விழாது. பட்டறைக்காரர் மாரப்பன் அந்த மாசம் முகம் மலர்ந்து எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார். பால் பொங்கும் முன் அடுப்பை அணைத்தார்கள். பஸ் வரும் முன்பே பஸ்ஸுக்குக் கை காட்டினார்கள். மாமியார்கள் கூப்பிடும் முன்பே மருமகள்கள் கொல்லைப்புறம் போய்விட்டார்கள்.

ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் ஒரே நீளம் இல்லை. வெட்டு எவ்வளவு கூர்மையோ, அதிர்வு அவ்வளவு நீளம். விசிலுக்கு ஒரு நொடி, நூலுக்கு ஒரு மூச்சு. மனிதன் சாவதைவிடக் கூர்மையான வெட்டு இல்லாததால், சாவுக்கு நாள்கணக்கில் நீண்டது. யார் வீட்டில் எழவு விழப்போகிறதோ அந்த வீட்டு வாசலில் பறையும் குழாயும் அழுகையும் முன்கூட்டியே, முதலில் எறும்பு ஊர்வதைப் போல, பிறகு மழை தூரத்தில் வருவதைப் போலக் கேட்கும். முதலில் கேட்டது பால்காரர் நல்லியப்பன் வீட்டில். ஊருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில், எழவு கேட்கச் செத்த பிறகு போகிறோம், செத்தவருக்கு அது தெரிகிறதா, இருக்கும்போதே போனால் என்ன என்று சம்பூரணம் கேட்டாள். அப்படித்தான் முன்கேட்பு என்கிற வழக்கம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நல்லியப்பனுக்குப் பிடித்ததைச் செய்து எடுத்துப் போனார்கள். போய், பக்கத்தில் உட்கார்ந்து, அழ வேண்டியவர்கள் அழுதார்கள். நல்லியப்பன் ராகிப் பக்கோடாவைத் தின்றுகொண்டே அவர்களைத் தேற்றினார். பேச்சு வார்த்தையில்லாமல் இருந்த தம்பி வந்து காலைப் பிடித்தான். "எரும, பாலுல நான் தண்ணி கலந்தேன்னு ஊரெல்லாம் சொன்னவன்தான நீ? கலந்தது நெசம்தான்டா, எந்திரி" என்றார். நிறைந்த தெம்போடு செத்தார். செத்த பிறகும், முன்னால் கேட்டது எத்தனை நாளோ அத்தனை நாள், காலையில் அவர் குரல் "பாலு... பாலேய்" என்று தெருவில் மெலிந்துகொண்டே போனது. அவர் பெண்டாட்டி அந்தக் குரலுக்குக் கதவைத் திறந்து வைப்பாள்.

அர்த்தநாரிக்குத் தன் வீட்டுச் சத்தம் கேட்டது ஒரு மத்தியானம். கல்யாணத்துக்குப் போய் வந்த குழாய்களை வாசலில் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். குழாய் எதிலும் ஒயர் இல்லை. ஆனாலும் வாசலில் ஒரு குழாய் பேசத் தயாரானது. எறும்பு ஊர்வதைப் போலத்தான் கேட்டது. என்றாலும் கன்றின் குரலைத் தாய்ப்பசு அறிவதைப் போலத் தன் குழாயின் கரகரப்பை அவர் அறிவார். எதிர்வீட்டுத் தகரக் கூரை அதிர்ந்து எதிரொலிப்பதும் கேட்டது. ஆகவே இடமும் இந்த வாசல்தான்.

இருவர் மட்டுமே இருக்கிற வீடு. 'நானாயிருக்கோணும் ஆத்தா' என்று உடனே வேண்டிக்கொண்டார். வேண்டும்போதே அடுத்தது கேட்டது. மைக்கை மோதிர விரல் நகத்தால் இரண்டு முறை சுண்டும் சத்தம். பிறகு தொண்டையை ஒருமுறை செருமும் சத்தம். ஊரில் வேறு யார் மைக்கைப் பிடித்தாலும் "ஹலோ, ஹலோ" என்பார்கள். நகத்தால் சுண்டுவது அர்த்தநாரி மட்டும்தான். அப்படியானால் அன்று குழாய் கட்டப்போவது அவர். கட்டப்போவது அவரென்றால், கிடக்கப்போவது அவரில்லை.

உள்ளே பாவாயி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஊரில் அந்தச் சத்தம் கேட்காத ஒரே ஆள் அவள்தான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய், "எண்ணெய் காய்ஞ்சிருச்சா?" என்று வாயசைத்தார்.

அன்றிலிருந்து அர்த்தநாரிக்கு ஒரே ஒரு வேலை. இருக்கும் நாள் எத்தனையோ, அத்தனையையும் அவள் தெரியாமலே கழிக்க வேண்டும். முதலில் ஈரோட்டில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். "நல்லா இருக்கறவள எதுக்குங்?" என்றாள். "கண்ணாடி மாத்தோணும்னியே" என்றார். டாக்டர் இருதயம் களைத்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார், நூல் அறாமலிருக்க மாத்திரையில்லை. பிறகு வீடு வீடாகப் போய், முன்கேட்புக்கு யாரும் வரக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். "வந்தாலும் பேசாதீங்க. பேசுனாலும் மெதுவாப் பேசுங்க."

"ஏண்ணா, மெதுவாப் பேசுனா உதடு அசையாதா?" என்றாள் சம்பூரணம். சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனாலும் ஊர் கட்டுப்பட்டது. முன்கேட்புக்குப் பதிலாக, ஏதோ மிச்சமாகிவிட்டதைப் போலப் பணியாரமும் கொள்ளுச்சாறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். மாரப்பன் பாவாயியின் தறிக்கு நல்ல நூலாகப் பார்த்துக் கொடுத்தார். வாசலில் சத்தம் எறும்பிலிருந்து மழையாக வளர்ந்துகொண்டிருந்தது. அர்த்தநாரி அதற்கு மேலே சிரிப்புப் பாட்டாகப் போட்டு, அவள் எதிரே நின்று, கோமாளியைப் போலக் கண்ணை உருட்டி வாயசைத்தார். அவள் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது அவருக்குப் பின்னால் நகம் மைக்கைச் சுண்டியது.

ஒருநாள் காலையில் அவரால் முடியவில்லை. டப்பாவை எடுத்தார், அந்தப் பக்கத்தைத் திறந்தார், முன்னால் ஒன்றுமே கேட்காத வடிகட்டியை வைத்தார். கோயில் குழாயில் ஒரே ஒரு பாட்டுப் போட்டார். பாட்டு முடிந்தபோது வாசல் துடைத்து விட்டதைப் போல இருந்தது. பறை இல்லை, செருமல் இல்லை. அவர் படியில் உட்கார்ந்து அழுதார். எப்போது என்று இனி தனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தாலும், அவளுக்குத் தெரியாது என்பதே பெரிதாயிருந்தது.

முன்னால் விழ வேண்டியதெல்லாம் இப்போது பின்னால் விழுந்தது. குக்கர் ஒருமுறை அடித்துவிட்டு இரட்டிப்பு நேரம் முனகியது. சண்டை போட்டவர்கள் சமாதானமாகி வீட்டுக்குப் போன பிறகும் சந்தில் சண்டை நடந்தது. பட்டறையில் நூல்கள் சொல்லாமல் அறுந்தன, துணி துணியாகப் பழுது விழுந்தது. மாரப்பன் பழுதுத் துணியொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அர்த்தநாரியின் வாசலுக்கு வந்தார். சம்பூரணம் என்ன நடக்குமோ என்று பின்னாலேயே ஓடிவந்தாள். பாவாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

மடுவுப்புதூரில் ரகசியம் பேசுகிறவர் குரலைத் தாழ்த்த மாட்டார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். மாரப்பன் மரியாதை தெரிந்தவர். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, சுவரிடம் சொல்வதைப் போலச் சொன்னார்: "ஏப்பா அர்த்தநாரி, உன்ற கஷ்டம் எனக்குத் தெரியுது. ஆனா ஊரு முச்சூடும் பழுதாப் போகுது. பழையபடி வெச்சுரு. இன்னைக்கு உங்க ஊட்டுல, நாளைக்கு எங்க ஊட்டுல. மத்தவிங்களுக்கும் முன்கேட்பு வேண்டாமா?"

அர்த்தநாரியும் சுவரைப் பார்த்தார். "பாவாயி போய்ச் சேர்ற வரைக்கும் பொறுங்க. கையெடுத்துக் கும்படறன்."

சம்பூரணத்துக்குத்தான் பொறுக்கவில்லை. கோபத்தில் அவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதை மறந்தாள். "ஏனுங் மொதலாளி, சாகப்போறவ நிம்மதியாச் சாகட்டும். நாலு துணி பழுதானா ஊரு முழுகியா போயிரும்?"

முறம் நின்றது. சம்பூரணம் திரும்பிப் பார்த்து, தன் வாயைத் தானே அடித்துக்கொண்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

பாவாயி புடைத்த அரிசியை நிதானமாகப் பாத்திரத்தில் கொட்டினாள். பிறகு புருஷனைப் பார்த்து வாயசைத்தாள். "எனக்குத் தெரியுமுங். டாக்டருகிட்டப் போன அன்னைக்கே தெரியும். பஸ்ஸுல கண்டக்டரு பின் சீட்டுக்காரங்ககிட்டச் சொன்னாரு. 'பாவம், மைக் செட்டுக்காரரு சம்சாரம்'னு."

"ஏன் பாவாயி சொல்லுல?"

"நீங்க அத்தன பாடுபட்டு ஒளிக்கிறீங்க. கண்டுபிடிச்சிட்டன்னு சொன்னா ஏமாந்து போயிருவீங்களேன்னு இருந்தன்."

அவளே தொடர்ந்தாள், சண்டை போடும்போது பேசுவதைப் போல வேகமாக. "நூல் அறும்னு கேட்டா நாங்க என்னுங் பண்ணுவம்? தறிய நிறுத்துவம். நிறுத்தீட்டு அத ஒருக்காத் தொட்டுப் பாப்பம். நீங்க தறிய ஓட்டிக்கிட்டே இருந்துபோட்டீங்க. நானும் ஓட்டுனன். ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சே அத்தன நாளையும் வீணாக்கிப்போட்டமுங். முன்னால பாதி, பின்னால பாதின்னு நீங்கதான சொன்னீங்க? முன்னால பாதிய நான் இருக்கறப்பவே ரெண்டு பேருமாச் சேந்து அழுதிருக்கலாம். இப்ப மொத்தத்தையும் பின்னால தள்ளி வெச்சிருக்கீங்க. பின்னால ஆருங் இருக்கறது? நீங்க ஒத்தையில எப்படியுங் அத்தனையும் அழுது முடிப்பீங்க?"

"மாத்தீரட்டுமா? இப்பவே மாத்தீர்றன்" என்று அவர் எழுந்தார்.

அவள் கையை நீட்டி நிறுத்தினாள். எதையோ கணக்குப் போட்டாள். "இப்ப எல்லாச் சத்தமும் பின்னாலதானுங்களே விழுகுது? முன்னால விழ வேண்டீதும் சேத்தி?"

"ஆமா."

"அப்ப நான் போனதுக்கப்பறம் என்ற சத்தம் ரொம்ப நாளைக்கு இருக்குமில்லீங்?"

இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றுவிட்டார். நல்லியப்பன் பெண்டாட்டிக்கு "பாலேய்" இருந்தது. இவளிடம் என்ன சத்தம் இருக்கிறது? பாத்திரம் வைக்கும் சத்தம், வளையல் சத்தம், இருமல். இத்தனை வருஷம் அவர்கள் பேசிய பேச்சு முழுவதும் உதட்டிலேயே பேசி உதட்டிலேயே முடிந்தது. அது முன்னேயும் அதிராது, பின்னேயும் அதிராது. அவள் போனால் அவளுடைய ஒரு சொல்கூட இந்த வீட்டில் மிஞ்சாது. அதை அவர் முகத்திலேயே அவள் படித்துவிட்டாள்.

"அப்ப மாத்த வேண்டாமுங். அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

பிறகு மடியிலிருந்த உமியைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையில் கை வைத்துப் பார்த்து, வெகுகாலமாகப் பூட்டிக்கிடந்த கதவைத் தோளால் இடித்துத் திறப்பதைப் போலக் குரலைத் திறந்தாள். அந்த ஊரில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட, செங்கோட்டு மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சாமி பெயர் என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள்.

"அர்த்தநாரி!"

கோணலான குரல். எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாத, வாசலுக்கு வேண்டியதைவிடப் பத்து மடங்கு பெரிய குரல். தெருவே வெளியே வந்து பார்த்தது. மாரப்பனின் தோளிலிருந்து பழுதுத் துணி நழுவி விழுந்தது. குரல் நின்ற பிறகும் அதன் அதிர்வு வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"செரியா வந்துச்சுங்களா?" என்று உதட்டால் கேட்டாள்.

"வந்துச்சு" என்றார் அவர். அவருடைய உதடு கோணியதால் அவளுக்குப் படிக்க முடியவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அப்புறம் இருவருமாகச் சேர்ந்து அழுதார்கள், வாசலிலேயே, எல்லோரும் பார்க்க. மாரப்பன் துணியை எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமலே, "நான் வர்றனுங்க" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு பட்டறையில் பழுதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் பாவாயி எல்லாவற்றையும் சத்தமாகவே சொன்னாள். "அர்த்தநாரி, தண்ணி காஞ்சிருச்சு!" "அர்த்தநாரி, செருப்ப அக்கட்டால போடு!" அவரைக் கூப்பிட ஒரு காரணம் இல்லாதபோது சும்மாவே கூப்பிட்டாள். தறி பிடிக்கும் பெண்கள் வந்து, "ஏக்கா, மருவாதி மருவாதி" என்று சிரித்தார்கள். "இத்தன வருசத்துக்கும் சேத்திக் கூப்படறன், உங்களுக்கென்னடி?" என்றாள் பாவாயி. பிறகு அதே பெண்கள் பணியாரத்தை வைத்துவிட்டு ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரவும் பகலும் அவர்கள் வீட்டில் அழுகையும் சிரிப்பும் இருந்தன. மறைப்பது மட்டும் இல்லை. எப்போது என்று தெரியாததால், அர்த்தநாரி எந்தக் கல்யாணத்துக்கும் குழாய் கட்டப் போகவில்லை.

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. பாதிக் கொத்து முறத்தில் இருந்தது, பாதிக் கொத்து கையில் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் அவர் பெயரை ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

குழாயை அவரே கட்டினார்.

எல்லோரும் போன பிறகு, வீடு கூப்பிட ஆரம்பித்தது. "அர்த்தநாரி!" என்று சமையலறையிலிருந்து. "அர்த்தநாரி!" என்று கொல்லையிலிருந்து. முழுக் குரல், கோணல் குரல், முன்னால் விழ வேண்டிய பாதியும் சேர்ந்துகொண்ட குரல். அவர் ஒவ்வொரு முறையும் "ஓ" என்று பதில் கொடுத்தார். கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். தெருவில் அதற்கும் பழகிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டு நேரம் சொன்னார்கள். சம்பூரணம் குடத்தோடு போகையில், "போய்ச் சேந்தும் புருசன வேல வாங்கறா பாருங்க" என்பாள். டப்பாவைப் பழையபடி மாற்றச் சொல்லி மாரப்பன் கேட்கவில்லை. அவர் வீட்டு எழவொன்று அந்த நாட்களில் முன்னறிவிப்பில்லாமல்தான் விழுந்தது, அப்போதும் கேட்கவில்லை. "அந்தப் புள்ள கொரல் தீரட்டும்" என்றார்.

குரல் தேய்ந்தது. முதலில் தெருவுக்குக் கேட்பது நின்றது. பிறகு வாசலுக்கு. பிறகு அடுப்படியில் நின்றால் மட்டும் கேட்டது. எத்தனை மெலிந்த சத்தத்தையும் ஊருக்கே கேட்கும்படி பெருக்கிக் கொடுத்த ஆள், மைக்கை அடுப்பு மேடையில் வைத்து ஆம்ப்ளிபயரை உச்சிக்குத் திருப்பிப் பார்த்தார். குழாயில் வந்தது ஊரின் தறிச் சத்தம்தான், அதுவும் பெரிதாகி. திருப்பி அணைத்தார்.

அதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலையில், வெயில் ஏறியதும், மாரப்பனின் பட்டறையில் தறிகள் நின்றன. பக்கத்துப் பட்டறையில் நின்றன. அடுத்த தெருவில், அதற்கடுத்த தெருவில், வீட்டுத் திண்ணையில் ஒற்றைத் தறி வைத்திருந்தவர்கள்வரை, ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். கரண்ட் போகவில்லை, தீபாவளி இல்லை. மடுவுப்புதூரில் தறி அத்தனையும் வேண்டுமென்றே நின்றது அதுதான் முதல் தடவை. ஆட்டுக்குட்டிகளின் கழுத்து மணி கேட்டது. எங்கோ ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. ஊரில் இத்தனை சத்தம் உண்டு என்றே அதுவரை யாருக்கும் தெரியாது. சைக்கிள் வைத்திருந்தவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். பெண்கள் பட்டறை வாசல்களில் வந்து நின்று, வளையல்களைக் கையால் பிடித்துக்கொண்டு, அர்த்தநாரியின் வீட்டைப் பார்த்தார்கள்.

அவர் அடுப்படியில் நின்றார். மூச்சை நிறுத்தினார். வெகுநேரம் நின்றார்.

பிறகு வெளியே வந்து, மாரப்பனைப் பார்த்துத் தலையசைத்தார். மாரப்பன் கையைத் தூக்கிக் காட்ட, தறிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு யாருடைய சத்தம் எது என்று பிரிக்க முடியாதபடி ஊர் மொத்தமும்.

அந்த இரைச்சலில் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சம்பூரணம் உதட்டால் கேட்டாள், "கேட்டுச்சாண்ணா?"

"கேட்டுச்சு" என்றார் அர்த்தநாரி.

எத்தனையோ வருஷமாகப் பட்டறையில் உதட்டைப் படித்தவள் சம்பூரணம். எந்த உதடு மெய்யை எப்படிச் சொல்லும், பொய்யை எப்படிச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். அவள் படித்தாள், நன்றாகவே படித்தாள். பிறகு, "சந்தோசமுங்ணா" என்று சொல்லிவிட்டு, அவசரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.